பழசானது எது?

"எழுத்தாளனுக்கு எதற்கையா இந்த வேலை? கதை எழுதுகிறவன் கதையை எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் ஏன் எட்டிப் பார்க்க வேண்டும்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், பேனாவில் மை ஏன் கசிகிறது என்று தெரிந்துகொள்ளாத எழுத்தாளன் அந்தக் காலத்திலும் சட்டைப் பையைக் கறையாக்கிக்கொண்டுதான் திரிந்தான். இன்று என் எழுத்து முழுவதும் ஒரு லாப்டாப்புக்குள் இருக்கிறது. என் பிழைப்பும் அதற்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவர் என்னிடம் பொய் சொன்னால் எனக்குக் கோபம் வரக் கூடாதா? வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொய் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது பழசாகிவிட்டது, சார்; புதுசு வாங்கிவிடுங்கள்" என்பதுதான் அந்தப் பொய். இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் இவ்வளவு சரளமாகவும், இவ்வளவு மரியாதையாகவும், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உபசரித்தும் சொல்லப்படுகிற பொய் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என்னுடைய லாப்டாப் 2016-ல் வாங்கியது. ஒரு தொடர்கதைக்கு வந்த சன்மானம் முழுவதையும் அதில் போட்டேன். ஐந்து வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. அப்புறந்தான் சோர்ந்து போயிற்று. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போய், காப்பி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தால், அப்போதும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மனத்தில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும். எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஃபைல் திறக்காது. ஃபைல் திறக்கும்போது வாக்கியம் போயிருக்கும்.

2023-ல் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துப் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், கழுத்தில் அட்டை தொங்கும் பையன்கள். அவர்களில் ஒருவன் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சார், இதுக்கு வயசாயிடுச்சு. இனிமே இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டாயிரம் போட்டுக்கறேன், புதுசு எடுத்துக்குங்க" என்றான்.

புதுசு 48,000 ரூபாய்.

நாடி பிடித்துப் பார்க்காமலேயே "ஆள் தேறமாட்டார்" என்று சொல்கிற வைத்தியனை நாம் என்ன செய்வோம்? ஆனால், நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. அசடு வழியத் தலையை ஆட்டிவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். யோசித்ததும் என்ன? தவணையில் வாங்கலாமா, பதிப்பாளரிடம் முன்பணம் கேட்கலாமா என்றுதான் யோசித்தேன். அவன் சொன்னது உண்மையா என்று யோசிக்கவில்லை. படித்தவர்களுடைய மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

நல்ல காலம், பதிப்பாளர் ஊரில் இல்லை. அச்சகத்து நண்பர் ஒருவர், "வாங்குவதற்கு முன் ஒரு தடவை ரிச்சி தெருவில் காட்டிவிடுங்கள்" என்றார். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில், நான்கு முழ அகலத்தில் ஒரு கடை. உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'பாய்' என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"என்ன சார் கம்ப்ளெய்ண்ட்?"

"வயசாயிடுச்சாம், பாய்."

"யாருக்கு சார்?" என்று சிரித்தார்.

லாப்டாப்பைப் போட்டு, அது எழுந்திருக்கும் வரையில் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்ந்தாற்போல் அமுக்கினார். ஒரு பட்டியல் வந்தது. "பாருங்க சார். பிராசசர் பதினஞ்சு பர்சென்ட்தான் வேலை செய்யுது. டிஸ்க் மட்டும் நூறு பர்சென்ட். மூளை சும்மா உட்கார்ந்திருக்கு; கால்தான் நடக்க மாட்டேங்குது" என்றார்.

ஏழு வருஷமாக அந்தப் பட்டியல் என் லாப்டாப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. மூன்று விசைகளை அமுக்கினால் தெரிகிற உண்மை. கண்ணாடிக் கதவுக் கடையில் அந்த மூன்று விசைகளை அமுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் 'கால்' என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய லாப்டாப்புகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையாகவே சுற்றுகிற தட்டு. காந்தப் பூச்சுப் பூசிய தட்டின் மேல் ஒரு சின்னக் கை, கிராமபோன் முள்ளைப் போல், ஆனால் தட்டைத் தொடாமல், அங்குமிங்கும் ஓடிப் படிக்கிறது. இந்த வம்சத்தின் மூதாதை 1956-ல் பிறந்தது. ஐ.பி.எம். கம்பெனி செய்த அந்த முதல் யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். அதைக் கைக்குள் அடங்கும்படி சுருக்கி, ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் கொள்ளும்படி செய்தார்களே, அது மகத்தான சாதனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால், சுற்றுகிற வேகம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. என் லாப்டாப்பில் இருந்த தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதாவது விநாடிக்கு 90. வேண்டிய இடம் கைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை நகர்கிற நேரம் அதற்கு மேல். எப்படிக் கணக்குப் போட்டாலும் விநாடிக்கு நூறு இடங்களுக்குப் போய் வந்தாலே பெரிது.

இதை ஒரு நூலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு சிப்பந்தி. ஒவ்வொரு சீட்டுக்கும் ஏணியை நகர்த்தி, ஏறி, எடுத்து, இறங்கி வருகிறான். ஒரே பெரிய புத்தகம் கேட்டால் தொல்லையில்லை. ஆனால், லாப்டாப் கண் விழிக்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான துண்டுச் சீட்டுகள். வருஷம் ஏற ஏற, புதுப் புது மென்பொருள்கள் இன்னும் அதிகமான சீட்டுகளை நீட்டுகின்றன. சிப்பந்தி சோம்பேறி ஆகவில்லை. முதல் நாள் ஓடிய அதே ஓட்டந்தான் ஓடுகிறான். சீட்டுகள்தாம் பெருகிவிட்டன.

எஸ்.எஸ்.டி. என்பதில் தட்டும் இல்லை, கையும் இல்லை, ஏணியும் இல்லை. எல்லாம் சில்லு. எந்த இடத்திலிருந்து கேட்டாலும் ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இந்தச் சில்லைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர். தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 'நாண்ட்' என்கிற வகையை 1987-ல் உலகத்துக்குக் காட்டினார். பின்னாளில் தமக்கு உரிய பங்கு கொடுக்கவில்லை என்று அதே கம்பெனியின் மேல் வழக்குப் போட்டு, 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமாதானமானார். அவர் கேட்டதோ 100 கோடி யென். ராயல்டிக் கணக்குப் பார்த்துப் பழகிய எனக்கு, அவர்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம் பிறந்துவிட்டது.

பாய் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பழைய டிஸ்க்கிலிருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாட்ட இருபது நிமிஷம். 480 ஜிபி எஸ்.எஸ்.டி. 2,600 ரூபாய், அவர் கூலி 400 ரூபாய். பொத்தானை அமுக்கினார். நான் வழக்கம்போல் காப்பிக்கு எழுந்தேன். "எங்கே சார் போறீங்க? வந்திடுச்சு" என்றார். இருபது விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

48,000-லிருந்து 3,000-ஐக் கழியுங்கள். மிச்சம் 45,000 ரூபாய். அந்தப் பையன் மரியாதையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தின் விலை அது.

இருக்கட்டும். எனக்கு 45,000 ரூபாய் போயிருந்தால் நான் இரண்டு மாதம் முணுமுணுத்துவிட்டு, அதையும் ஒரு நகைச்சுவைக் கட்டுரையாக எழுதிச் சன்மானம் வாங்கியிருப்பேன். ஆனால், எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறவர் என்ன எழுதுவார்?

அடுத்த மாதமே நடந்தது இது. துணி கொடுக்கப் போன என்னிடம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பொண்ணுக்கு லாப்டாப் வாங்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச கடை இருந்தா, தவணைக்குக் கொஞ்சம் சொல்லிவிடுங்க சார்."

"பொண்ணுக்கு ஏற்கெனவே இருக்குமே? ப்ளஸ் டூ படிச்சப்போ கவர்மெண்ட்ல கொடுத்தாங்களே?"

"அது பழசாயிடுச்சாம், சார். கடையில காட்டினேன். ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கறேன்னாங்க. வீட்ல, குழுவுல முப்பத்தஞ்சாயிரம் லோன் கேட்டிருக்கா."

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டராக வந்து சேர்ந்தது அதுதான். இன்று அவற்றில் எத்தனையோ பரணில் பழைய வெங்கலப் பானைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. எல்லாம் செத்துப் போனவையா? இல்லை ஐயா. பாதிக்குமேல் நடக்க மாட்டாமல் உட்கார்ந்தவை என்று நான் சந்தேகப்படுகிறேன்.

அந்தப் பெண்ணின் லாப்டாப்பை நானே பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். அதே நோய், அதே மருந்து. 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் ஒன்றும் கூடுதலாகச் செருகி, கூலியோடு 2,700 ரூபாய் ஆயிற்று. பாட்டரி போய்விட்டது என்பது உண்மை. வீட்டில் பிளக்கில் செருகியே வைத்துக்கொள்கிறாள். கடைசி வருஷப் பிராஜக்ட் முழுவதையும் அதில்தான் செய்தாள். குழுவில் கேட்ட கடனை அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வாரா வாரம் கட்ட வேண்டிய கடன். தேய்க்கிற துணி ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு பங்கு போயிருக்கும். "பழசாகிவிட்டது" என்று சொன்னவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இதைச் சொன்னால் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"எஸ்.எஸ்.டி. தேய்ந்து போகுமாமே?" போகும். எழுதி எழுதி அழித்தால் சில்லின் அறைகள் தேய்வது மெய்தான். ஆனால் 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றில் 300 டெராபைட் வரையில் எழுதலாம் என்று பிரபல கம்பெனிகளே உத்தரவாதம் கொடுக்கின்றன. தினம் 20 ஜிபி எழுதினாலும் 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் எழுதுகிற நாவல் ஒன்று இரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. சில்லு தேய்வதற்கு முன்னால் என் வாசகர்களின் பொறுமை தேய்ந்துவிடும்.

"திடீரென்று போய்விட்டால்?" அதுவும் மெய். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். போனால் உள்ளே இருந்ததை மீட்பதும் சிரமம். ஆகையால் பிரதி எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்கைச் சில நூறு ரூபாய் உறை ஒன்றில் போட்டால் அதுவே பிரதி வைக்கும் பெட்டியாகிவிடுகிறது. என் பழைய டிஸ்க் இப்போது அந்த உத்தியோகத்தில்தான் இருக்கிறது. விநாடிக்கு நூறு இடம் என்ற நடை அந்த வேலைக்குத் தாராளம்.

"எல்லாப் பழசையும் காப்பாற்ற முடியுமா?" முடியாது, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. போர்டு போனதும், பிராசசரே திணறுவதும் எஸ்.எஸ்.டி.யால் பிழைக்காது. ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. உள்ள லாப்டாப் மந்தமாக இருந்தால் காரணம் வேறு. போலி எஸ்.எஸ்.டி.க்களும் சந்தையில் உண்டு. ரசீதும் வாரண்டியும் இல்லாமல் வாங்குகிறவனுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் விசாரணை செய்யுங்கள்.

கடைப் பையனைத் திட்டி என்ன பயன் என்று கேட்பீர்கள். சரிதான். அவனுக்கு மாதம் இத்தனை விற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்துக் கொடுத்தால் அந்தக் கணக்கில் ஏறாது. பெரிய குற்றவாளிகள் கண்ணாடிக் கதவுக்கு வெகு தூரத்தில் இருக்கிறார்கள். 2015-ல் ஆப்பிள் கம்பெனி 12 அங்குல மாக்புக்கை வெளியிட்டபோது, சேமிப்புச் சில்லுகளைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்தார்கள். அடுத்த வருஷத்து விலையுயர்ந்த மாடல்களும் அந்த வழியில் போயின. சில்லு கெட்டால் போர்டே கெட்டது. இடம் போதாவிட்டால் முழு யந்திரமே போதாது. மெல்லியதாகச் செய்ய வேண்டுமானால் இதுதான் வழி என்று வாதாடுகிறார்கள். ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி 2021-ல் ஒரு லாப்டாப் வெளியிட்டது. மெல்லியதுதான், வாங்கியவரே ஸ்க்ரூ டிரைவரால் பாகம் பாகமாகக் கழற்றி மாற்றலாம். வாதம் அங்கே விழுந்துவிட்டது.

இன்னொரு உபாயமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பெரும்பாலும் 2018-க்கு முந்திய பிராசசர்களை அது ஏற்பதில்லை. இருபது விநாடியில் கண் விழிக்கிற என் லாப்டாப்பையும் அது தகுதியில்லாதது என்று தள்ளிவிட்டது. நான் அதில் லினக்ஸ் மிண்ட்டைப் போட்டுக்கொண்டேன், விலை கிடையாது. தமிழ்99 விசைப்பலகை அதில் ஒழுங்காக வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையும் அதில் அடித்ததுதான்.

பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல், லாப்டாப் விற்கிறவர்கள் அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தது. நல்ல காரியம். ஆனால், இஸ்திரி வண்டிக்காரர் வலைத்தளத்தைத் தேடிப் பார்த்துவிட்டா கடைக்குப் போகப் போகிறார்? லாப்டாப் பெட்டியின் மேலேயே, அவர் மகள் படிக்கிற தமிழில், "டிஸ்க்கும் ராமும் மாற்றலாம், மாற்ற முடியாது" என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

கடைசியாக நம்மைப் பற்றி. உலகம் முழுவதும் 2022-ல் ஒரே வருஷத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குச் சொல்கிறது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது அதில் கால் பங்குகூட இல்லை. இந்த மலையைக் கம்பெனிக்காரன் மட்டுமா எழுப்பினான்? பழசை வைத்திருப்பது கௌரவக் குறைச்சல் என்று நாம் எப்போது முடிவு கட்டினோம்?

என் சின்ன வயதில் தெருவில் ஒரு குரல் வரும்: "அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா!" அரைத்து அரைத்து அம்மி வழுவழுத்துப் போனால், அரைபடாது. அதற்காக அம்மியைத் தூக்கி எறிந்த பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. உளிக்காரரைத் திண்ணைப் பக்கம் உட்கார வைத்து, பொளியச் சொல்லி, காசோடு ஒரு வாய் மோரும் கொடுத்தனுப்புவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசவும் அப்படித்தான் ஆள் வந்தார். எந்தப் பாகம் தேய்ந்தது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. இன்டர்மீடியட் வரையில் படித்த எனக்குத்தான் ஒரு பையன், ஸ்க்ரூவைக் கழற்றாமலேயே, 48,000 ரூபாய்க்கு வழி காட்டினான்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது உங்களிடம் "பழசாகிவிட்டது" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். "எந்தப் பாகம் பழசானது?" என்பது முதல் கேள்வி. "அதை மட்டும் மாற்ற என்ன ஆகும்?" என்பது இரண்டாவது. மாற்றிய பிறகு, "கழற்றிய டிஸ்க்கை என் கையில் கொடு" என்று கண்டிப்பாகக் கேளுங்கள். உங்கள் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் அதற்குள் இருக்கின்றன. முதல் கேள்விக்கே பதில் சொல்லத் தெரியாதவராயிருந்தால், அவர் கொடுக்கிற குளிர்ந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, லாப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பரணில் ஒன்று கிடக்குமே, இன்றைக்கு அதை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், தெருமுனையில் யாருக்காவது அது வேண்டியிருக்கும்.